கோ கேர் போகாமல் வராதே

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே பெரிய நிம்மதி. இங்கே பெரியவளுக்குப் பிளஸ் டூ, அதனால் வீட்டில் டிவிக்கு ஊரடங்கு, வேறு விசேஷம் இல்லை.

கம்போடியா போகிறாய், சரி, அதற்காக எல்லா நாளையும் அங்கோர் வாட்டுக்கே எழுதிவைப்பதா? இரண்டாம் சூர்யவர்மன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய விஷ்ணு கோயில், பாற்கடல் கடையும் சிற்பம் மட்டுமே 49 மீட்டர் நீளம், அதைப் பார்க்காமல் வரச் சொல்லவில்லை. ஆனால் சூரியோதயப் படத்துக்காகக் குளத்தங்கரையில் முண்டியடிக்கும் கூட்டத்தில் போய் நிற்காதே. ஒரு நாளைக் கோ கேருக்கு ஒதுக்கு.

அங்கோர் வாட் பக்கத்து ஊரான சியெம் ரீப்பிலிருந்து வடகிழக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல், கார் வைத்துக்கொள்வதுதான் வசதி. நான்காம் ஜெயவர்மன் காலத்தில் தொடங்கி, 928 முதல் 944 வரை, கம்போடியாவை ஆண்ட கெமர்களின் தலைநகரம் அங்கோரில் இல்லை, இந்தக் காட்டில்தான் இருந்தது. ஏழடுக்குப் பிரமிடு ஒன்று 36 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது, எல்லாரும் அதில்தான் ஏறுவார்கள். நீ பிரசாத் சென் என்ற இடிந்த கோயிலைக் கேட்டுப் போ. அதன் மேற்குக் கோபுர வாசலில் பீமனும் துரியோதனனும் கதாயுதத்தோடு மோதும் காட்சியை, சுற்றி உட்கார்ந்து பார்க்கும் பாண்டவர்களோடும் பலராமனோடும், தனித்தனிச் சிலைகளாகச் செய்து வைத்திருந்தார்கள். நம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் படுகளத்தில் துரியோதனனை மண்ணில் படுத்த நிலையில்தானே பார்த்திருக்கிறோம், இங்கே அவன் எகிறப் போகிற நொடியில் முழங்கால் மடக்கி நிற்கிறான். அதாவது, நின்றான். 1970களின் தொடக்கத்தில், உள்நாட்டுப் போர் நடந்தபோது, திருடர்கள் கணுக்காலோடு உடைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். பீடமும் பாதமும் அங்கேயே கிடந்தன.

2011இல் நியூயார்க்கில் சாத்பீஸ் நிறுவனம் துரியோதனனை ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது அந்தப் பாதங்கள்தான் காட்டிக்கொடுத்தன. கம்போடியா ஆட்சேபித்தது, ஏலம் நின்றது, மறு வருடம் அமெரிக்க அரசே வழக்குப் போட்டது. காசு கொடுத்து முறையாக வாங்கியது என்று சாத்பீஸ் தரப்பின் வாதம் வேறு! கணுக்காலில் முறிந்த சிலையை வாங்குகிறவனுக்கு, பாதம் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றாதா? கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்தான், வேறென்ன. கடைசியில் 2014இல் துரியோதனன் ஊர் திரும்பினான், கலிபோர்னியாவில் ஒரு அருங்காட்சியகத்தில் இருந்த பீமனும், கிறிஸ்டீஸ் என்ற இன்னொரு ஏல நிறுவனம் திருப்பிக் கொடுத்த பலராமனும்கூட அந்த வருடமே வந்து சேர்ந்தார்கள்.

இதெல்லாம் போர்க்கால ஏழைகள் செய்த வேலை என்று நினைத்துவிடாதே. அங்கோரிலிருந்து கோ கேர் பக்கம் போகும்போதே பந்தேய் ஸ்ரீ பார்க்கலாம், 967இல் பிரதிஷ்டை ஆன கோயில். 1923இல் அங்கே சிற்பங்களைப் பெயர்த்துக் கடத்தி மாட்டிக்கொண்டவர் ஆந்த்ரே மால்ரோ, பின்னாளில் பிரான்சின் கலாசார அமைச்சரே அவர்தான். மூலவரைத் திருடியவனுக்கே அறங்காவலர் பதவி! நல்லவேளை, கற்கள் பிடிபட்டன. அங்கே கிழக்குக் கோபுரத்தில் ஆடும் சிவனின் காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருப்பதை விட்டுவிடாதே, அது நம் காரைக்கால் அம்மையார் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

கோ கேரில் பாதையை விட்டு இறங்காதே, கண்ணிவெடி புதைத்த பூமி அது. அப்புறம், திரும்பும் விமானம் புனோம் பென்னிலிருந்து கிடைத்தால் அதையே போடு, துரியோதனனும் பீமனும் இப்போது இருப்பது அங்கேதான், தேசிய அருங்காட்சியகத்தில். தங்கச்சியையும் கேட்டுவிட்டுத் தேதியை எழுது, சியெம் ரீப்பில் எனக்குத் தெரிந்த கார்க்காரரிடம் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
சேகர்