ரோதேயோ மன்றச் செயலரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

குதிரை மேல் வரும் இருவர் இணையாகக் காளையை ஓட்டிச் சென்று சுவரில் அணைத்து நிறுத்தும் ரோதேயோ, 1962 ஜனவரி 10 அன்று சிலியின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பெயருக்கு உரிய தரம் நம் களத்திலும் இருக்க வேண்டும் என்ற அக்கறையுடன் இதைச் சமர்ப்பிக்கிறேன்.

செப்டம்பரில் தேசிய விழாவோடு தொடங்கிய பருவம் ரங்காகுவா நகரில் நடந்த தேசிய இறுதிப் போட்டியுடன் நிறைவடைந்தது. நம் இணைகள் எதுவும் அங்கே செல்லத் தகுதி பெறவில்லை. காரணத்தைக் குதிரைகள் மேல் போட முடியாது.

ஒரு காளைக்கான ஓட்டத்தில் உச்சம் 13 புள்ளிகள். காளையைத் தொழுவிலிருந்து ஒழுங்காக வெளிக்கொணர்ந்தால் 1. பிறகு அரைவட்டக் களத்தில் மூன்று முறை திசை மாற்றி ஓட்டி, ஒவ்வொரு முறையும் மெத்தை பதித்த சுவரில் அணைத்து நிறுத்த வேண்டும். கழுத்தில் அணைத்தால் ஒன்றுமில்லை. தோள்பட்டைக்கு 2, நடு உடலுக்கு 3, பின்பகுதிக்கு 4. பின்பகுதிக்கு அதிகம் தருவதற்குக் காரணம், காளை கைநழுவும் தறுவாயில்தான் அது வாய்க்கிறது. மெத்தை இல்லாத இடத்தில் காளை மோதினால் புள்ளி குறையும்.

நம் இணைகள் பெரும்பாலும் 2-லேயே நின்றுவிட்டன. பின்னால் விரட்டுபவர் தளர்ந்தால் காளையின் வேகம் குறைகிறது. பக்கவாட்டில் வரும் குதிரை முந்திவிடுகிறது, அதன் மார்பு தோளிலோ கழுத்திலோ போய் விழுகிறது. மிகையாக விரட்டினாலோ காளை முன்னே பாய்ந்து தப்பிவிடும். திசை மாறும்போது இருவரின் பொறுப்பும் இடம் மாறுவதால், தமக்குப் பழகிய ஒரு பக்கத்தை மட்டும் பயிற்சி செய்பவர்கள் அடுத்த அணைப்பில் தடுமாறுகிறார்கள். பயிற்சியில் இரு பக்கமும் சம அளவில் ஓட்ட வேண்டும் என்பது செயற்குழுவின் முடிவு.

பங்கேற்க சிலி இனக் குதிரைக்கு மட்டுமே அனுமதி. புதிதாக வாங்குவோர் இனப்பதிவுச் சான்றைப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கவும். இந்தப் பதிவேடு 1893 முதல் பேணப்படுகிறது, அதைக் காப்பதில் நமக்கும் பங்குண்டு.

களத்தில், மழையில் ஊறி மெத்தை உறைகளின் கீழ்விளிம்பு பிரிந்தது. உள்ளடைப்பு சரிந்து இறங்கிய இடத்தில் மரம் வெளிப்பட்டால் காளையின் விலாவுக்கு ஆபத்து. போட்டிக்கு முன்தினம் கையால் அழுத்திப் பார்த்தே தைக்கிறோம். மணலில் போட்டியன்று அதிகாலையில் தண்ணீர் தெளிக்கிறோம். காய்ந்து இறுகினால் சட்டென நிற்கும் குதிரை வழுக்கும், சேறானால் கால் புதையும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மெத்தைகளை முழுமையாக மாற்றும் தீர்மானத்தைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலர்