டப்பாவைத் திறந்ததும் முகர்ந்து பார்

அன்பு மகளுக்கு,

இத்தனை காலம் முடங்கிக் கிடந்த அந்த அரசியல் படத்தின் 16 எம்.எம். பிரதி உங்கள் குழுவின் கைக்கு வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. திரையிடும் தேதியை மட்டும் இப்போதே அறிவித்துவிடாதே.

முதலில் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார். காடி வாடை அடித்தால் பிலிமின் அடிப்படலமான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த ரீலைத் தனியே வை. அதன் ஆவி மற்றவற்றையும் கெடுக்கும். அடுத்து சுருக்கத்தை அள. புதுப் பிலிமில் நூறு சட்டம், அதாவது நூறு தனிப் படக் கட்டம் (frame), 762 மில்லிமீட்டர் வரும். அதில் 6 மில்லிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் புரொஜெக்டரில் ஏற்றாதே. பற்சக்கரத்தின் பல் துளையில் சரியாக உட்காராமல் ஓட ஓடக் கிழித்துவிடும். ஸ்கேன் செய்து டிஜிட்டலில் காட்டுங்கள். உலகத்தில் இருப்பதே இந்த ஒரு பிரதிதான் என்றால், சுருங்காமல் இருந்தாலும் ஸ்கேன் செய்வதுதான் சரி என்பேன்.

பிலிமையே ஓட்டுவதானால், கையுறை போட்டு, விளிம்பைப் பிடித்தபடி முழுவதையும் கையால் சுற்றிப் பார். பழைய டேப் ஒட்டுகளில் பசை கசிந்திருக்கும். பிரித்துப் புதிதாக ஒட்டு. ஒவ்வொரு ரீலுக்கும் முன் புரொஜெக்டரின் கேட்டை, அதாவது விளக்கின் முன் பிலிம் கடந்துபோகும் இடுக்கை, தூரிகையால் துடை, கீறல் விழுவது அங்கேதான். கீழ் லூப்பில், அதாவது கேட்டுக்குக் கீழே பிலிம் தளர்வாக வளைந்து நிற்கும் இடத்தில், கவனம் வேண்டும். படத்துக்கு 26 சட்டம் முன்னால் அதன் ஒலி இருக்கும். லூப் அளவு மாறினால் உதடும் பேச்சும் ஒட்டாது. வசனமே உயிரான படத்தில் அது பெருங்குறை. பிலிம் ஓடாமல் நின்றால் உடனே விளக்கை அணை, சட்டம் கருகிவிடும்.

நீளத்தையும் கணக்கிடு. 16 எம்.எம்.மில் நிமிடத்துக்கு 36 அடி, 35 எம்.எம்.மில் 90 அடி. பழைய ஆவணங்களில் 35 எம்.எம். அடிக்கணக்குதான் பெரும்பாலும் இருக்கும். இரண்டையும் நிமிடமாக்கி ஒப்பிடு. பத்து நிமிடம் குறைந்தால் எங்கோ வெட்டு விழுந்திருக்கிறது. அரசியல் படங்களில் ஊர்வலமும் மேடைப்பேச்சும்தான் முதலில் வெட்டுப்படும். எது இல்லை என்று முன்னுரையில் சொல்லிவிடு. இல்லாவிட்டால் இயக்குநரே தயங்கிவிட்டார் என்று சனங்கள் நினைப்பார்கள்.

1600 அடி ரீல் 44 நிமிடம் ஓடும். ஒரே புரொஜெக்டர் என்றால் ரீல் மாற்ற ஐந்து நிமிடம் வை. அந்த இடைவெளியில் விவாதத்தை ஆரம்பிக்க விடாதே, படம் பாதியிலேயே தீர்ப்பாகிவிடும். விவாதத்துக்குக் கடைசியில் முக்கால் மணி நேரம் ஒதுக்கு. ஒலிபெருக்கியைத் திரைக்குப் பக்கத்தில் வை. பின்வரிசையில் ஆளை உட்காரவைத்துப் பேச்சு புரிகிறதா என்று கேள்.

இன்னொன்று, பிரதி கையில் இருப்பதால் காட்டும் உரிமை வந்துவிடாது. உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள். சுருக்க அளவு எவ்வளவு வந்தது என்று எழுது.

அன்புடன்,
அப்பா