காலிமுகத்திடலுக்கு எதிரே இரண்டு இரவுகள்

கொழும்பு
18.09.2022

அன்பின் மச்சான்,

நாங்கள் நலம். உன் முழங்கால் இப்போது எப்படி?

இவளின் பாஸ்போர்ட் அலுவலாகக் கொழும்பு வந்தோம். வழமைபோல வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் என்றுதான் இருந்தேன். மகன் கனடாவிலிருந்து ஃபோன் எடுத்து, "அப்பா, காலிமுகத்திடலுக்கு எதிர்ப்பக்கம் பெரிய ஹோட்டலில ரூம் போட்டாச்சு, பேசாமல் போய் இருங்கோ" என்றான். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்க்கு நின்ற டொலர் இப்போது 360. வெளியிலிருந்து காசு அனுப்புகிறவனுக்கு நாடே மலிவு விற்பனை.

கோட்டையில் வேலைக்கு இருந்த காலத்தில் திடலில் இறால் வடை தின்றுகொண்டு, கோல்ஃபேஸ் ஹோட்டல் வாசலில் இறங்கும் வெள்ளைக்காரரை விடுப்புப் பார்ப்போமே! 1864இல் திறந்த அந்தக் கட்டடத்தை இப்போது ஒன்பதாம் மாடியிலிருந்து குனிந்து பார்க்கிறேன். ஒரு புளுகம் வந்தது உண்மைதான். அரை மணித்தியாலம்கூட நிலைக்கவில்லை.

லொபியில் யூனிஃபோர்மோடு ஆறு பேர். விருந்தாளிகள் நாங்கள் இரண்டு பேர். ஒரு பையைத் தூக்க மூன்று பேர் ஓடி வந்தால் என்ன செய்வாய்? இவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

காலையில் அப்பச்சட்டிக்குப் பின்னால் ஒரு தம்பி. எங்களைக் கண்ட பிறகுதான் காஸைப் பற்றவைத்தார். மாவை ஒரு சுற்றுச் சுற்றி, முட்டையை உடைத்து விட்டு, மூடிபோட்டு, கரை முறுகும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. பேச்சுக் கொடுத்தேன். "சம்பளம் பேருக்குத்தாங்க சார். சேவிஸ் சார்ஜுலதான் குடும்பம் ஓடுது. ரூம் காலின்னா அதுவும் இல்ல." கூட வேலைசெய்த நாலு பேர் டுபாய்க்கும் மாலைதீவுக்கும் போய்விட்டார்களாம். இவரும் கட்டாருக்கு எழுதிப் போட்டிருக்கிறார்.

2018இல் 23 லட்சத்துக்கு மேல் சுற்றுலாப் பயணிகள் வந்த நாடு மச்சான் இது. 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் தேவாலயங்களோடு கொழும்பின் பெரிய ஹோட்டல்களையும் தேடி வந்தன. பிறகு கொரோனா. போன வருடம் 2 லட்சம்கூடத் தேறவில்லை. கொஞ்சம் தலைநிமிரும் நேரத்தில் டீசல் இல்லை. ஆட்கள் வந்தால்தான் டொலர் வரும், டொலர் வந்தால்தான் டீசல் வரும், டீசல் இருந்தால்தான் ஆட்கள் வருவார்கள். இதை நான் சொல்ல, இவள் "அப்பத்தைச் சாப்பிடுங்கோ, ஆறுது" என்றாள்.

ஏப்ரலில் அரசுக்கு எதிராகப் போராடின பிள்ளைகள் திடலில் கூடாரம் போட்ட இடத்தில் புல் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. பட்டம் விற்கிறவர் மட்டும் திரும்ப வந்துவிட்டார்.

டிசம்பரில் வாறதென்றால் இப்பவே சொல்லு. உள்நாட்டவருக்குத் தனி விலை இருக்கிறது; உன் ஜெர்மன் பாஸ்போர்ட்டை வெளியில் எடுக்காதே, என் பெயரில் போடுவோம். வரும்போது பால்மா இரண்டு பெட்டி. அந்தத் தம்பி கட்டாருக்குப் போக முந்தி நீயும் ஒரு அப்பம் சாப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
உன் பழைய ரூம்மேட்