வெயில் மாறிவிட்டது, தண்ணீர் முறையையும் மாற்றுங்கள்: கோரிக்கை மனு

பெறுநர்: நீர்வளத் துறை அதிகாரி அவர்கள்
அனுப்புநர்: கடைமடை (வாய்க்காலின் கடைசிப் பகுதி) விவசாயிகள்
பொருள்: பயிர்களின் நீர்த்தேவையைப் புதிதாகக் கணக்கிட்டு, முறைப்பாசன இடைவெளியைத் திருத்தக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறோம். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும் அட்டவணை பழைய வெயிலுக்குப் போட்ட கணக்கு. 1850–1900 காலத்தைவிட 2011–2020இல் உலகச் சராசரி வெப்பநிலை சுமார் 1.1 டிகிரி கூடியிருக்கிறது. ஒரு டிகிரி ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும், அந்த ஈரம் காற்றில் இல்லாத நாட்களில் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும்தான் அதை இழுத்துக்கொள்ளும்.

நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் கூடுதலாக ஆவியானால் ஹெக்டேருக்கு 10,000 லிட்டர். 100 ஹெக்டேர் பாயும் வாய்க்காலில் 10 நாள் முறைக்கு அது 1 கோடி லிட்டர். வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் இருப்பவர் தன் வயலை நிறைத்துக்கொள்வார், அவரைக் குறை சொல்லவில்லை, அவர் பயிரும்தான் வாடுகிறது. ஆனால் பற்றாக்குறை மொத்தமும் கடைமடையில் வந்து விழுகிறது.

வெப்பம் கூடினால் பயிர் சீக்கிரம் முற்றிவிடும், மொத்தத் தேவை குறையும் என்று ஒரு வாதம் உண்டு. ஓரளவு சரிதான். ஆனால் நாட்கள் குறைந்தால் மணி திரள்வதற்கான நாட்களும் குறைகின்றன, அன்றாடத் தேவையோ ஏறுகிறது. நெல் பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுக் கதிர் பதராகும். வேரில் தண்ணீர் இருந்தால் பயிர் நீராவி விட்டுத் தன்னைக் கொஞ்சமாவது குளிர்வித்துக்கொள்ளும், இல்லையென்றால் மதியத்திலேயே இலை சுருண்டுவிடும். அந்த ஒரு வாரம் தவறிய பிறகு இரண்டு மடங்கு தண்ணீர் விட்டாலும் பதர் நெல்லாகாது.

சிக்கனமாகப் பாய்ச்சச் சொல்கிறீர்கள், நாங்களும் தயார். வயலில் துளையிட்ட குழாயைப் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்சுகிற காய்ச்சலும் பாய்ச்சலும் முறை நல்ல முறை, பூக்கும் பருவத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். ஆனால் அடுத்த முறைத் தண்ணீர் எந்தத் தேதியில் வரும் என்று உறுதியாகத் தெரியாதவன் வயலைக் காயவிட எப்படித் துணிவான்? வந்தபோது நிரப்பி வைத்துக்கொள்வான். வீணாவது அங்கேதான், அதைச் சரிசெய்வது உங்கள் கையில் இருக்கிறது.

ஆகவே, கடந்த 10 ஆண்டு வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, வெயில் விவரங்களை வைத்து நீர்த்தேவையை மறுபடி கணக்கிடுங்கள், இதற்கான முறையை உலக உணவு வேளாண் அமைப்பு 1998இலேயே வெளியிட்டுவிட்டது. பூக்கும் வாரங்களில் முறை இடைவெளியைக் குறைத்து, இளம்பயிரிலும் முற்றும் பருவத்திலும் கூட்டிக்கொள்ளலாம். அப்புறம், சொன்ன தேதியில் கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்று அங்கேயே அளந்து, அந்த அளவை எல்லோரும் பார்க்கும்படி எழுதிப் போடுங்கள். அடுத்த தண்ணீர் திறப்புக்கு முன் இதைப் பேசி முடிவுசெய்ய, தலைமடை, கடைமடை இரு தரப்பு விவசாயிகளையும் ஒரே கூட்டத்துக்கு அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயிகள்