அரிசிக் கணக்கு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முட்டுவலி கொஞ்சம் பரவாயில்லை. ரப்பர் வெட்டை இந்த வருஷம் குத்தகைக்கு விட்டாச்சு. உனக்கு நைட் டூட்டி மாறியதா?

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கோபப்பட்டாய். "பள்ளிக்கூடத்த பூட்டினப்போ ஊருல ஒருத்தரும் வாய் திறக்கல்ல, இப்போ அதுல வாசகசாலைன்னு விழா கொண்டாடுதியளா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். எனக்கு அந்த நேரம் பதில் வரவில்லை. ராத்திரி முழுக்க யோசித்தேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

மக்களே, அந்தப் பள்ளிக்கூடம் எப்படிக் குறைந்தது என்று எனக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. 1988-ல் நான் சத்துணவில் சமையலுக்குச் சேர்ந்தேன். எம்.ஜி.ஆர். திட்டத்தைத் தொடங்கி அப்போது ஆறு வருஷம். பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. வருகைப் பதிவேட்டை நான் பார்க்கவே வேண்டாம், தராசைப் பார்த்தால் போதும். சேர்ந்த வருஷம் ஒன்பது கிலோவுக்கு மேல் உலையில் போட்டேன். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஆறு கிலோ. வாரத்துக்கு ஐந்து முட்டை என்று ஆன 2010-ல், 30 முட்டை இருக்கிற அட்டையை உடைத்தால் ஏழு மிச்சம் கிடக்கும். 2018-ல் நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு வைத்தது அரைக் கிலோ. பெரிய அண்டா மூலையில் கவிழ்ந்து கிடந்தது, நம்ம வீட்டுக் கலத்தைக் கொண்டுபோய் அதில் வைத்து இறக்கினேன்.

இதில் ஒன்று உன்னிடம் நான் சொன்னதே இல்லை. 2001 ஜூனில் உன் தம்பியை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தோம். நீ ஐந்தாம் வகுப்பு. காலையில் வேன் பள்ளிக்கூடத்து வாசல் வழியாகத்தான் போகும். நான் சமையல்புரையில் விறகு தள்ளிக்கொண்டு நிற்பேன், அவன் கண்ணாடி வழியாகக் கை காட்டுவான். "நம்ம பள்ளிக்கூடத்துச் சோறு தம்பிக்குப் பிடிக்காதா அம்மா?" என்று நீ கேட்டாய். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். டீச்சர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் குறைந்த அரிசியில் 100 கிராம் என் வீட்டிலிருந்து குறைந்தது. அண்டி ஆபீசில், அதான் முந்திரிப் பருப்பு ஆலையில், வேலை பார்க்கிற பெண்கள்கூடக் கடன் வாங்கி வேனுக்குக் கட்டினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் ஏது? வாய் திறக்கவில்லை என்று நீ சொன்னது சரிதான். நான் திறக்காததற்குக் காரணம் இது.

2019 ஜூனில் புதிதாக ஒரு பிள்ளையும் சேரவில்லை. இருந்தவர்களைப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள். அந்த ஆகஸ்டில்தான் பேப்பரில் பார்த்தேன், தமிழ்நாட்டில் ஒரு பிள்ளைகூட இல்லாத 46 பள்ளிகளை நூலகமாக மாற்றப்போவதாக அரசு சொல்லியிருந்தது. நம்முடையதையும் யாராவது வந்து திறப்பார்கள் என்று இருந்தேன். யாரும் வரவில்லை. பூட்டில் துரு ஏறியது. கூரையில் ஓடு நழுவி மழை உள்ளே இறங்கியது.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று பிள்ளைகள் இறந்தார்களே, அதன்பிறகு மோசமான பள்ளிக் கட்டடங்களை எல்லாம் இடிக்க உத்தரவு வந்தது. அது சரியான உத்தரவு. நம்ம சமையல்புரையையும் கழிப்பறையையும் இடித்தார்கள். முப்பது வருஷப் புகை குடித்த சுவர். ஜேசிபி ஒரு தள்ளு தள்ளியதும் கறுப்புப் பொடி காற்றில் பறந்தது. நான் கொஞ்சம் தள்ளி மாமரத்தடியில் நின்றேன்.

பெரிய கட்டடத்தையும் இடித்துவிட்டு நாலு கடை கட்டலாம் என்று ஒரு பேச்சு வந்தது. பொறியாளர் வந்தபோது நம்ம ஆசாரி கூடவே ஏறினார். கூரை மரத்தில் கழுக்கோலும் ரீப்பரும் பாதி கறையான் தின்றிருந்தது, ஆனால் அயனி மர உத்தரத்தில் உளியை வைத்துக் குத்தினால் நுனிகூட இறங்கவில்லை. சுவரும் திடம். ஒரு ஓட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். அடியில் இங்கிலீஷ் எழுத்தில் கம்பெனி பெயர், கீழே குயிலோன் என்று கொல்லத்தின் பழைய இங்கிலீஷ் பெயர், ஓரத்தில் ஓடு செய்தவர் விரல் பதிந்த பள்ளம். என் விரலை அதில் வைத்துப் பார்த்தேன், பொருந்தியது.

வாசல் கல்லில் 1099 என்று இருக்கிறதே, நீ சின்னதில் அதைப் பார்த்து "ஆயிரம் வருஷம் ஆச்சா" என்று கேட்பாய். அது கொல்லம் ஆண்டு, மலையாளக் கணக்கு. இப்போதைய கணக்கில் 1923, 24. அப்போது நம்ம ஊர் திருவிதாங்கூரில், பாட்டா அங்கே படித்தது மலையாளத்தில். ரப்பர் ஷீட் எண்ணும்போது சாகும் வரைக்கும் ஒந்நு, ரெண்டு, மூந்நு என்றுதான் எண்ணினார். 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடியவர்களைப் போலீஸ் சுட்டதைப் பற்றிப் பேசினால் குரல் உடைந்துவிடும். 1956 நவம்பர் 1-ல் நம்ம கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அப்போதும் அந்தக் கட்டடம் அங்கேயே நின்றது. நான் அதே பெஞ்சில் தமிழ் படித்தேன், நீயும் படித்தாய்.

2022 அக்டோபர் 2 கிராம சபையில் நான் எழுந்து பேசினேன். என் ஆயுசில் முதல் தடவை. மகளிர் குழுப் பெண்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தி என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சட்டம் தெரியாது. ஒக்கி புயல் அடித்த ராத்திரியைச் சொன்னேன். 2017 நவம்பர் 30. வாழையும் ரப்பரும் விழுந்து வழியே இல்லை, கரண்டு எத்தனை நாள் இல்லை என்று நினைவில்லை. கூரை போன பதினொரு குடும்பம் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படுத்தது. இருந்த அரிசியைக் கஞ்சி வைத்து ஊற்றினேன். "அடுத்த காத்துக்கு நாம எங்க போவோம்?" என்று கேட்டேன். பிறகு என்ன பேசினேன் என்று நினைவில்லை.

அதன்பிறகும் மனு, கையெழுத்து, அலுவலகம் என்று ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அதை எழுதினால் கடிதம் முடியாது.

இப்போது உன் ஒன்றாம் வகுப்பு அறையில் அங்கன்வாடி நடக்கிறது. அதுவரை வாடகை வீட்டில், ஜன்னல் இல்லாத அறையில் இருந்தது. நடு அறையில் பகலில் நாலு தையல் மெஷின், குழுப் பெண்கள் யூனிபார்ம் தைக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்கிற அரசுத் திட்டத்தில் வருகிற பெண், வீடு வீடாகப் போய் முடித்துவிட்டு, திண்ணையிலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறாள். அப்பாவும் போகிறார், நீ சொன்னால் கேட்காதவர் அவள் சொன்னால் கேட்கிறார்.

வாசகசாலை கடைசி அறையில். யோசனை அக்கரையிலிருந்து, கேரளாவிலிருந்து வந்தது. பாறசாலைப் பக்கம் முக்குக்கு முக்கு ஒன்று பார்த்திருப்பாயே. 1945-ல் பி.என். பணிக்கர் 47 கிராம நூலகங்களைச் சேர்த்துச் சங்கம் தொடங்கினாராம். பாட்டா இருந்திருந்தால் தினம் போயிருப்பார். இங்கே தமிழ்ப் பேப்பர் இரண்டு, மலையாளப் பேப்பர் ஒன்று. மலையாள எழுத்து மட்டும் தெரிந்த வயசானவர்கள் நம்ம ஊரில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் உரக்க வாசிப்பார், மற்ற இரண்டு பேரும் கண்ணை மூடிக் கேட்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள்.

வெள்ளையடிக்க வந்தவன் அங்கன்வாடிக் கரும்பலகையைக் காட்டி, "இத அழிக்கட்டா மாமி?" என்று கேட்டான். மூலையில் சாக்பீசில், பதிவு 5, வருகை 4 என்று இருந்தது. கடைசி நாள் டீச்சர் எழுதியது. இத்தனை வருஷம் மழை ஒழுகியும் அந்த மூலை மட்டும் நனையவில்லை. வராத அந்த ஒரு பிள்ளை யாராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். பிறகு நானே ஈரத்துணி எடுத்துத் துடைத்தேன். அங்கே வருகிற சின்னதுகள் கிறுக்க இடம் வேண்டுமே.

பள்ளிக்கூடம் திரும்ப வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை மக்களே. மணி அடிப்பதில்லை, அது எனக்கு இன்றைக்கும் காதில் குறைகிறது. விழா என்று நீ சொன்னது, திறந்த அன்றைக்கு நான் வைத்த பயறு கஞ்சிதான். வாடகை அண்டாவில், மாமரத்தடியில் கல் கூட்டி, ஆறு கிலோ அரிசி. பத்திருபது வருஷத்துக்குப் பிறகு அவ்வளவு பெரிய அகப்பையைப் பிடித்தேன். மறுநாள் தோள் தூக்க முடியவில்லை, அப்பா தைலம் தேய்த்துவிட்டார்.

ஒரு காரியம் கேட்க வேண்டும். உன் நர்சிங் புத்தகப் பெட்டி கட்டிலுக்கு அடியில் அப்படியே இருக்கிறது, கறையான் படாமல் மாசம் ஒரு தடவை வெயிலில் வைக்கிறேன். கீழத்தெருவில் ஒரு பிள்ளை இந்த வருஷம் நர்சிங்கில் சேர்ந்திருக்கிறாள், தினமும் வாசகசாலைக்கு வருகிறாள். அங்கே கொடுத்துவிடட்டுமா? ஓரத்தில் எல்லாம் நீ பென்சிலில் எழுதி வைத்திருக்கிறாய். உன்னைக் கேட்காமல் கொடுக்க மனசு வரவில்லை. கோபம் தணிந்ததும் போன் பண்ணு, இல்லாவிட்டால் தம்பியிடம் சொல்லிவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்
அம்மா