புற்றில் மருந்து ஊற்றுமுன்

சந்தூர், போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

வரப்போரக் கரையான் புற்றில் மருந்து கரைத்து ஊற்றுகிறோம், மரத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து. போன வாரம் நானே ஒரு புற்றை ஜேசிபி விட்டு இடித்தேன். அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உள்ளே பார்த்ததைச் சொல்கிறேன்.

வெளிமண் கல்லாட்டம் இறுகியிருந்தது. உள்ளே அறை அறையாகச் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒன்று, தொட்டால் பொடிந்தது. அதன்மேல் ரவை தூவினாற்போல வெள்ளை முத்துகள். அது கரையான் வளர்க்கும் பூஞ்சை. சருகையும் காய்ந்த பட்டையையும் தின்று வந்து எச்சமாக அங்கே சேர்க்கும். பூஞ்சை அதைப் பதமாக்கிய பிறகு மறுபடி எடுத்துத் தின்னும். மழைக்குப் பிறகு நாம் ஆசையாகப் பறித்துக் குழம்பு வைக்கும் புற்றுக்காளான் இந்தப் பூஞ்சை விடும் குடைதான். மருந்து ஊற்றினால் அதுவும் போச்சு.

மடிப்பு மடிப்பாகக் கோபுரம்போல நிற்கிறதே, அந்த வகைப் புற்றைப் பெங்களூரில் அளந்து பார்த்து 2015இல் ஆய்வு வெளியிட்டார்கள். பகலில் ஓர மடிப்புகள் சீக்கிரம் சூடேறும். காற்று அதன் வழியே மேலேறி நடுவில் இறங்கும். ராத்திரி அப்படியே தலைகீழ். கெட்ட காற்று சுவரின் நுண்துளைகளில் கசிந்து வெளியேறிவிடும். இத்தனையும் கட்டுகிற தொழிலாளிக் கரையானுக்குக் கண்ணே கிடையாது!

சரி, மரத்துக்கு வருவோம். பெங்களூரா ரக மாமரத்தில் கரையானின் மண் பூச்சு ஏறினால் பதறாமல் சுரண்டிப் பாருங்கள். பெரும்பாலும் காய்ந்த மேல்பட்டையைத்தான் தின்றிருக்கும். வறட்சியில் வாடும் ஒட்டுக்கன்றுக்கு ஆபத்து உண்டு, மறுக்கவில்லை. அந்தக் கன்றுக்குத் தண்ணீர் விட்டுக் கவனியுங்கள். அதற்காக வரப்புப் புற்றை எதற்குக் கொல்ல வேண்டும்?

ராணி அடியில், கெட்டியான மண் அறைக்குள் இருக்கும். நகர முடியாத உடம்பு. நாளுக்கு ஆயிரக்கணக்கில் முட்டை. ராஜாவும் ஆயுசுக்கும் கூடவே இருக்கும். எங்கள் ஜேசிபி அந்த ஆழம் போகவில்லை போலிருக்கிறது. மறுநாள் காலை பார்த்தால், உடைந்த வாயெல்லாம் கடுகளவு ஈரமண் உருண்டைகளாக அப்பியிருந்தது. வாங்கி வைத்திருந்த மருந்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். உங்கள் வரப்பில் நிற்பதையும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்துத் தோப்புக்காரன்