கல்லமேட்டு எலும்புகளும் எங்கள் பிள்ளைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் கோணேசர் மலையில் இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் நின்றபோது பேத்தி கேட்டாள்: "அம்மப்பா, இந்தப் பாறைக்குள்ள டைனோசர் எலும்பு இருக்குமா?"

இருக்காது. டைனோசர்கள் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே நிலத்தின் ஆழத்தில் வெந்து, அழுந்தி உருமாறிய பாறை இது. ஆற்று மணல், களி போன்றவை படிந்து இறுகிய பாறையில்தான் பெரும்பாலும் எலும்பு தங்கும். அப்படியொன்று, கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டு அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் இருக்கிறது. டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியைச் சேர்ந்த படிவு. அங்கே கிடைத்த ஒரு டைனோசருக்கு 1987இல் பிருகத்காயோசோரஸ் என்று பெயர் வைத்தார்கள். பிருகத் என்றால் மிகப் பெரிய, காயம் என்றால் உடல். அதன் கணைக்கால் எலும்பு மட்டும் ஏறக்குறைய 2 மீற்றர், என் உயரத்தைவிட அதிகம்! ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. தோண்டும்போதே பொலபொலவென்று உதிரத் தொடங்கி, கடைசியில் சிதைந்தே போயின. மிஞ்சியவை படங்களும் அளவுகளும்தான். எனக்கு இது பெரிய துக்கம்.

நம் நாட்டிலும் புத்தளத்துக்கு அருகே தப்போவையில் டைனோசர்கள் வாழ்ந்த ஜுராசிக் காலச் செடிகளின் இலைப் பதிவுகள் கல்லில் கிடைத்திருக்கின்றன. இதைச் சொன்னதும் பேத்தி உடனே போகலாம் என்றாள். சரி, போகலாம். ஆனால் போகுமுன் அவள் வாசிக்க எளிய தமிழில் ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. தங்கள் சிறுவர் பகுதியில் இவற்றைப் படங்களோடு ஒரு தொடராக வெளியிடுங்கள்.

ஒரு அம்மப்பா,
திருகோணமலை